விமான வீரர் மெஹர் சிங் சரிதம்

பெரியோர் சரிதங்களைப் படிப்பதன் பயன், அவர் பெற்ற பட்டங்களையும் பதக்கங்களையும் எண்ணி வியப்பதன்று. வேண்டிய வசதி யாதொன்றும் இல்லாத இடத்தில், எடுத்த கருமத்தை அவர் எங்ஙனம் முடித்தனர் என்பதை அறிந்து, நம் வாழ்விலும் அத்தகைய நெருக்கடி நேருங்கால் சோர்வடையாது நிற்பதே அதன் பயனாகும். இக்கருத்தினால், இந்திய விமானப் படையின் ஆதி நாட்களில் பெரும்புகழ் எய்தி, 37 வயது நிறையுமுன்னரே 1952-ஆம் ஆண்டில் மறைந்த ஏர் கமோடோர் மெஹர் சிங் என்பாரின் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறியும்பொருட்டு ஈண்டு சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

சரிதத்தினுட் புகுமுன் ஒன்று கூறவேண்டும். ஆகாய விமானத்தைப் பற்றி நினைக்குங்கால் நம்மிற் பலரும் ஆகாயத்தையே நினைக்கின்றனர், தரையை நினைப்பாரில்லை. ஆனால் விமானத்தின் ஆற்றல் அனைத்தும் அது நிற்கும் தரையையே பற்றியிருக்கின்றது. ஓடுதற்கு நீண்ட பாதை, பழுது பார்க்கக் கொட்டகை, பெட்ரோல் ஏற்றும் வண்டி, காற்றின் போக்கை அறிவிக்கும் நிலையம், இரவில் வழிகாட்டும் விளக்கு ஆகிய இவையெல்லாம் அமைந்த இடத்தில் விமானம் ஒரு பேராயுதம். இவற்றுள் ஒன்றுமில்லாத வயல்வெளியில் நிறுத்திவிட்டாலோ, அது மழையில் நனையும் ஒரு தகரக்கூடு. யுத்தமோ இவ்வசதிகள் உள்ள இடத்தில் நடப்பதன்று. படைகள் முன்னேறுந்தோறும் விமானங்களும் உடன் சென்றாலன்றி உதவி காலத்தில் கிட்டாது. ஆதலின் போர்முனைக்கு அண்மையில், கிடைத்த நிலத்தைச் செப்பனிட்டு, அதிலிருந்தே விமானங்களைச் செலுத்தவேண்டிய அவசியம் எழுகின்றது. இந்த அரிய தொழிலில் தலைநின்றவரே நம் கதாநாயகர்.

மெஹர் சிங் 1915-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ஆம் தேதி, இன்று பாகிஸ்தானத்தில் பைசலாபாத் என வழங்கும் லயால்பூரில் சீக்கியக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1934-இல் இங்கிலாந்திலுள்ள கிரான்வெல் விமானக் கல்லூரியிற் சேர்ந்து பயின்று, 1936-இல் அதிகாரியாகித் தாயகம் திரும்பினார். அக்காலத்தில் இந்திய விமானப் படையில் இருந்தது ஒரே அணி. அதன் விமானங்களோ வாப்பிட்டி என்னும் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள். விமானி அமரும் இடத்திற்கு மேற்கூரை இல்லை. பனியும் புழுதியும் முகத்தில் அறையும். அவ்வணியுடன் வடமேற்கு எல்லைப்புற மலைநாட்டிற்கு அவர் அனுப்பப்பெற்றார்.

அங்கே ஒருகால் அவரது விமானத்தின் பெட்ரோல் தொட்டியில் குண்டு பாய்ந்தது. இறங்குதற்குச் சமதரை என்பதே இல்லாத மலைச்சரிவில் அவர் விமானத்தை இறக்கினார். விமானம் சிதைந்தது, அவரும் உடனிருந்த துப்பாக்கி வீரரும் உயிர் தப்பினர். பகைவர் நடமாடும் அம்மலையில் இருட்டிலே வழிதேடி நடந்து, இருவரும் நம் சேனையின் காவல் நிலையத்தை அடைந்தனர். அஞ்சி விலகாது அவர் மீண்டும் பறக்கச் சென்றார். கீழே தெரியும் நிலத்தை விமானத்திலிருந்தே அளந்து, எது தாங்கும், எது தாங்காது என்று நொடிப்பொழுதில் முடிவுசெய்யும் கண் அவருக்கு அமைந்தது இவ்வெல்லைப்புற நாட்களிலேதான் என்று யாம் கருதுகின்றோம்.

அடுத்துக் கூறப்போவது நம் தமிழ்நாட்டார்க்கு உவகை தருவதாகும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் தேதி, இந்திய விமானப் படையின் 6-ஆம் அணி நமது திருச்சிராப்பள்ளியிலே தோற்றுவிக்கப்பெற்றது. அதன் முதல் தலைவர் மெஹர் சிங். ஹரிக்கேன் என்னும் ஒற்றை ஆசன விமானங்கள் அதற்கு அளிக்கப்பட்டன. பல மாகாணங்களிலிருந்தும் வந்த இளைஞர்களை ஒன்றுகூட்டிப் பயிற்றி, அடுத்த ஆண்டு நவம்பரில் அவ்வணியை வங்காளக் கடற்கரையிலுள்ள காக்ஸ் பஜாருக்கு அவர் நடத்திச் சென்றார். அப்பால் அரக்கான் மலைக்காடுகள், அக்காடுகளில் ஜப்பானியர்.

அரக்கான் போர்முனையின் விமானத் தளங்கள் எத்தன்மையன என்பதை நம் உழவர் பெருமக்கள் எளிதில் உணர்வர். நெல் அறுத்த வயல்களின் வரப்புகளை வெட்டித் தூர்த்து, தாள் களைந்து, மண்ணை உருளையால் அழுத்தியவையே அவற்றுட் பல. நஞ்சை நிலத்தின் குணம் நாம் அறிந்ததே: கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழைக்காலத்தில் கணுக்கால் புதையச் சேறாகும். கோடையில் ஒரு விமானம் கிளம்பினால் எழும் புழுதியில் பின்னால் வருவோர்க்குக் கண் தெரியாது. அப்புழுதி இயந்திரத்தினுள் புகுந்து உறுப்புகளைத் தேய்க்கும். மழைக்காலத்திலோ தளமே பயனற்றுப் போம். இக்கேட்டை நீக்க, துளையிட்ட இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்துப் பரப்பினர். தகடு போதாத இடங்களில் தார் தோய்த்த சணல் துணியை விரித்து நீர் புகாவண்ணம் செய்தனர். வங்கத்தில் விளைந்த சணல் விமானத்திற்குப் பாதையாயிற்று.

இத்தகைய நிலையிலும் 6-ஆம் அணியின் வேலை ஒருநாளும் தவறாது நடந்தது. இருவர் இருவராக ஹரிக்கேன் விமானங்கள் காட்டின் தலையை உரசுவதுபோல் தாழப் பறக்கும். ஒருவர் கீழே நோக்கிப் படம் எடுப்பார்; மற்றவர் அவரைப் பின்பற்றி வானத்தைக் காவல் செய்வார். ஜப்பானியரின் வேகமான போர் விமானங்களால் அணியினர் பலர் மாண்டதும் உண்டு. எடுத்த படங்களைத் தாமதமின்றிக் கழுவிச் சேனைத் தலைவர்களுக்கு அனுப்பவேண்டும். திறந்த வெளியில், கொதிக்கும் தகரத்தின் அடியில், தூய நீருக்கும் குளிர்ச்சிக்கும் வழியின்றி அவ்வேலையைச் செய்தோரின் பாடு சொல்லுந்தரமன்று. அவர் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை. ஆனால் 14-ஆம் சேனையின் கண்கள் என்று அவ்வணிக்கு வழங்கிய சிறப்புப் பெயரில் அவர்க்கும் பங்குண்டு. 1944-இல் மெஹர் சிங்கிற்கு டி.எஸ்.ஓ. என்னும் விருது அளிக்கப்பட்டது. அம்மகாயுத்தத்தில் இந்திய விமானப் படையில் அவ்விருதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

1947-ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. பிரிவினையும் உடன் நிகழ்ந்தது. அக்டோபர் மாதத்தில் காஷ்மீரத்தின்மீது படையெடுப்பு நேர்ந்து, பகைவர் ஸ்ரீநகரை நெருங்கினர். அம்மாதம் 27-ஆம் தேதி விடியற்காலை தில்லியிலிருந்து டகோட்டா விமானங்கள் சீக்கியப் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகர் சென்றன. அங்கிருந்த விமானத் திடல் மகாராஜாவின் சிறு விமானங்களுக்காக அமைந்தது. பாரம் ஏற்றிய பெரு விமானங்களை ஓயாது தாங்குதற்கென்று அமைந்ததன்று. சேனையின் விமானங்கள் போதாமையால் வியாபாரக் கம்பெனிகளின் டகோட்டாக்களும் அழைக்கப்பட்டன. சில நாட்களுக்குள் ஸ்பிட்பயர் என்னும் போர் விமானங்களும் அங்கே வந்திறங்கின. அவற்றிற்கு ஏற்றப் பெட்ரோல் இல்லை. என் செய்வது? சாமான் கொணர்ந்த டகோட்டாக்களின் தொட்டிகளிலிருந்து, திரும்பிச் செல்லுதற்கு வேண்டியது போக எஞ்சியதை வடித்தெடுத்து ஸ்பிட்பயர்களில் ஊற்றினர். பகைவர் ஸ்ரீநகரின் வாயிலிலேயே தடுக்கப்பட்டு, நவம்பர் 7-ஆம் தேதி ஷாலத்தெங்கில் முறியடிக்கப்பட்டமைக்கு இந்த வடித்த பெட்ரோலும் ஒரு காரணமாகும்.

இவ்விடத்தில் நம் குடும்பத்துச் சிறுவரும் அறிய ஒரு கணக்கைக் கூறுவோம். ஒரு காலன் விமானப் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 7 ராத்தல். போகும் இடத்தில் பெட்ரோல் கிடையாதாயின், திரும்பி வருதற்கான பெட்ரோலையும் விமானமே சுமந்து செல்லவேண்டும். 100 காலன் மிகுதியாகச் சுமந்தால் 700 ராத்தல் அரிசியோ, மருந்தோ, வெடிமருந்தோ குறைந்துபோம். பெட்ரோலைக் குறைத்தால் திரும்பி வருதல் ஐயம். கூட்டினால் பசித்தவன் வாயிற் சோறு குறையும். முன்னணித் தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு விமானியும் நாள்தோறும் இக்கணக்கை உயிரைப் பிணையாக வைத்துப் போடுகின்றான்.

காஷ்மீரப் போரில் விமானப் படையின் 1-ஆம் போர்த்தொகுதிக்குத் தலைவராக மெஹர் சிங் பொறுப்பேற்றார். அக்கணக்கு மிகக் கடுமையாக வந்து நின்ற இடம் பூஞ்ச் நகரம். பகைவர் அந்நகரை நாற்புறமும் சூழ்ந்துகொண்டனர். உள்ளே சிறிய காவற்படையும், அண்டை ஊர்களிலிருந்து ஓடிவந்து அடைக்கலம் புகுந்த ஏறக்குறைய 40,000 ஜனங்களும் சிக்குண்டனர். பாதை அறுபட்டது. தானியம் குறைந்தது. நோயுற்றோரை வெளியேற்ற வழியில்லை. ஆகாய மார்க்கம் ஒன்றே எஞ்சியது. அதற்கும் இறங்கும் இடமில்லை.

அந்நகரைக் காத்த பிரிகேடியர் பிரீதம் சிங் விமானத் திடலொன்று அமைக்க முனைந்தார். இயந்திரங்கள் இல்லை. அடைக்கலம் புகுந்த ஜனங்களே மண்வெட்டியும் கூடையும் ஏந்தினர். தாம் இழந்த வீட்டையும் உறவையும் எண்ணி அழுதற்கும் பொழுதின்றி, ஆயிரக்கணக்கானோர் கல் பொறுக்கி, மேடு வெட்டி, பள்ளம் நிரப்பினர். சில நாட்களிலே நகரை அடுத்து ஏறக்குறைய 600 கெஜ நீளமுள்ள ஒரு பாதை உருவாயிற்று. மூன்று புறம் நீரோடைகள். சுற்றிலும் பகைவர் வைகும் மலைகள். விமானம் செங்குத்தாகச் சரிந்து வந்து இறங்கவேண்டிய நெருக்கம்.

பாதை முடிந்தது, ஆயினும் அதில் டகோட்டா இறங்குமா என்பது எவர்க்கும் தெரியாது. வெறும் டகோட்டாவே 8 டன் எடையுள்ளது. அதன் சிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 95 அடி. புதுமண் அழுந்திச் சக்கரம் புதைந்தால் விமானம் தலைகீழாகும். அதன்பின் பாதையும் அடைபடும். 40,000 உயிர்களுக்கும் இருந்த ஒரே வாயில் மூடப்படும். தளபதியாயிருப்பவர் இத்தகைய பரீட்சைக்கு இளைய விமானி ஒருவனை அனுப்பிவிட்டுத் தாம் மேசைமுன் அமர்ந்து செய்தியை எதிர்பார்த்திருத்தல் வழக்கம். அதனை எவரும் குறைகூறார். மெஹர் சிங் அங்ஙனம் செய்திலர். 1947 டிசம்பரில் தாமே டகோட்டாவைச் செலுத்திச் சென்று பூஞ்சில் இறக்கினார். பின்னாளில் இந்திய விமானப் படையின் முதல் இந்தியத் தலைவரான சுப்ரதோ முகர்ஜி அவ்விமானத்தில் உடன் சென்றார். தலைவர் இறங்கிக் காட்டிய பாதையில் மற்றையோர் இறங்க அஞ்சவில்லை. உணவும் மருந்தும் வெடிமருந்தும் உள்ளே சென்றன. பெண்டிரும் குழந்தைகளும் காயம்பட்டோருமாகப் பல்லாயிரவர் அவ்விமானங்களிலேயே வெளியேறினர்.

பகைவர் சும்மா இருக்கவில்லை. 1948 மார்ச்சு மாதத்தில் மலைமீது பீரங்கிகளை ஏற்றித் திடலின்மேல் குண்டு பொழிந்தனர். பகலில் விமானம் இறங்குதல் இயலாதாயிற்று. அப்பீரங்கிகளை அடக்கவேண்டுமாயின் பூஞ்சிற்குள் நம் பீரங்கிகள் செல்லவேண்டும். விமானம் இறங்காமல் பீரங்கி செல்லாது. ஆகவே இரவில் இறங்குவது என்று முடிவாயிற்று. மின்விளக்கு ஏது? பாதையின் ஓரங்களில் எண்ணெய் விளக்குகளை வரிசையாக வைத்தனர். மலைகளுக்கு இடையே காரிருளில், அச்சிறு சுடர்களையே குறியாகக் கொண்டு டகோட்டாக்கள் பீரங்கிகளுடன் இறங்கின. நம் வீட்டுத் திண்ணையில் வைக்கும் விளக்கு ஒரு நகரத்தின் உயிரைக் காத்த வரலாறு இது. தரை மார்க்கமாக உதவிப்படை வந்து சேர்ந்தது 1948 நவம்பரில்தான். ஏறக்குறைய ஓராண்டுக்காலம் அந்நகர் அந்த 600 கெஜ மண்ணினாலேயே பிழைத்திருந்தது.

குண்டு வீசுதற்கென அமைந்த பெரிய விமானங்கள் நம்மிடம் அந்நாளில் இல்லை. அக்குறைக்கும் மெஹர் சிங் ஓர் உபாயம் கண்டார். சாமான் ஏற்றும் டகோட்டாவின் பக்கக் கதவைக் கழற்றி, அவ்வழியே குண்டுகளை உருட்டித் தள்ளச் செய்தார். இல்லாததை எண்ணிப் புலம்பாது உள்ளதைக்கொண்டு முடிப்பது அவரது இயல்பு.

அவரது புகழுக்குச் சிகரமாயது லே நகரில் இறங்கிய செயலாகும். 1948 மே மாதத்தில் கார்கில் பகைவர் வசமாயிற்று. லடாக்கின் தலைநகராகிய லேக்குச் செல்லும் வழி அடைபட்டது. அங்கிருந்த காவற்படையோ மிகச் சிறியது. நல்வேளையாக, முன்னமே பனிக்காலத்தில் ஜோஜி கணவாயைக் கால்நடையாகக் கடந்து கேப்டன் பிரிதி சந்த் தலைமையில் ஒரு சிறு கூட்டத்தார் லேயை அடைந்திருந்தனர். லடாக்கியரான பொறியாளர் சோனம் நோர்பு, அவ்வூர் ஜனங்களைக் கொண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்கிச் சில வாரங்களில் சிந்து நதிக்கு அண்மையில் ஒரு விமானப் பாதையை அமைத்து வைத்திருந்தார். விமானம் வருமென்ற உறுதி ஒன்றுமில்லாதபோதே அவர் அதனை அமைத்தார் என்பது நினைக்கத்தக்கது.

அப்பாதை கடல் மட்டத்திற்கு 10,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்று சிறகைத் தாங்கும் வலி குறைவு. ஆதலின் கடற்கரையில் இறங்கும் வேகத்தினும் ஏறக்குறைய 6-ல் 1 பங்கு மிகுந்த வேகத்தில் அங்கே தரையைத் தொடவேண்டும். இயந்திரமோ அக்காற்றில் தன் வலியை இழக்கும். வழியிலோ டகோட்டா ஏறக்கூடிய உச்ச உயரத்தை எட்டும் பனிமலைகள். அவ்விமானத்தில் காற்றழுத்தம் காக்கும் அமைப்பில்லை. சிறகில் உறையும் பனியை நீக்கும் கருவியில்லை. அவ்வழிக்கு நம்பத்தக்க படமுமில்லை. நண்பகலுக்குப்பின் பள்ளத்தாக்கில் காற்று வலுத்து விமானத்தை அலைக்கழிக்கும்.

1948 மே 24-ஆம் தேதி மெஹர் சிங் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பினார். அப்பகுதியின் சேனைத் தலைவரான மேஜர் ஜெனரல் திம்மையா அவருடன் ஏறினார். பள்ளத்தாக்குகளின் வளைவையே வழியாகக் கொண்டு, ஜோஜியையும் 13,000 அடிக்கு மேற்பட்ட போட்டு கணவாயையும் கடந்து, சோனம் நோர்பு அமைத்த மண்பாதையில் டகோட்டாவை இறக்கினார். தண்மையாலும் காற்றின் மென்மையாலும் நிறுத்திய இயந்திரம் மீண்டும் கிளம்பாது போகலாம் என்பதனால், இறங்கிய பின்னும் இயந்திரங்களை நிறுத்தாது ஓடவிட்டனர். அன்று திறந்த வழியே அடுத்த நாட்களில் கூர்க்கா வீரர்கள் சென்றனர், லே காப்பாற்றப்பட்டது. நவம்பரில் திம்மையா ஜோஜி கணவாயின்மீது டாங்கிகளை ஏற்றித் தரைவழியைத் திறக்கும் வரையில், விமானமே அந்நாட்டிற்கு உயிர்நாடியாயிருந்தது.

இத்துணை அரும்பணி ஆற்றியவரின் பிற்காலம் இன்பமாகக் கழியவில்லை. மேலிடத்தாருடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால், போர் முடியுமுன்னரே 1948 செப்டம்பரில் அவர் பதவியை விட்டு விலகினார். அப்போது அவர்க்கு வயது 33. பின்னர்ப் பட்டியாலா மகாராஜாவுக்கு ஆலோசகராயிருந்தார். அவரது காஷ்மீரச் சேவைக்காக மகாவீர சக்கரம் அளிக்கப்பெற்றது. 1952 மார்ச்சு 16-ஆம் தேதி இரவு, புயற்காற்றிடையே சிறு விமானத்தில் சென்றுகொண்டிருக்கையில் அது விழுந்து அவர் உயிர் துறந்தார். எத்தனையோ கரடுமுரடான திடல்களில் இறங்கியவர்க்கு அவ்விரவு இறங்குதற்கு இடம் கிட்டாமற் போயிற்று. பாபா என்று விமானப் படையினர் அவரை அன்புடன் அழைத்தனர். 2018-இல் ஆளில்லாச் சிறு விமானங்களைக் கூட்டமாகச் செலுத்தி ஆபத்துக் காலத்தில் உதவும் முறைக்காக விமானப் படை ஏற்படுத்திய போட்டிக்கு மெஹர் பாபா என்னும் அப்பெயரையே சூட்டினர். லே நகரில் இன்று பிரயாணிகளை ஏற்றிய பெரு விமானங்கள் நாள்தோறும் இறங்குகின்றன.

இச்சரிதத்தினின்று யாம் கொள்ளும் கருத்து இரண்டு. ஆபத்தான வழியில் பிறரை அனுப்புமுன் தான் சென்று காண்பதே தலைமை என்பது ஒன்று. மற்றொன்று, அத்தகைய தலைவனும் தனித்து ஒன்றும் செய்யவல்லனல்லன் என்பது. பூஞ்சிலே கூடை சுமந்த அகதிகளும், லேயிலே கல் பெயர்த்த ஊராரும், அரக்கான் சேற்றில் நின்று இயந்திரம் துடைத்த தொழிலாளரும் இல்லையேல் மெஹர் சிங்கின் திறமை வானத்திலேயே வட்டமிட்டுத் திரும்பியிருக்கும். நம் சங்கத்திலும் குடும்பங்களிலும் மேலே பறக்க விழையும் இளைஞர் பலர் உளர். அவர் பறத்தல் நன்றே. அவர் இறங்குதற்கும் கிளம்புதற்கும் மண்ணைச் சமன்செய்து தருவோர் யாவர் என்பதை அவர் மறவாதிருப்பாராக. மண் சுமப்போரும், சோனம் நோர்புவைப்போல, விமானம் வருமுன்னரே பாதையை முடித்து வைப்பாராக.